ஒரு நாழிகை தாமதம்

எங்க ஊர்ப் பக்கத்து வரலாறுன்னாலே ராஜேந்திர சோழன், கங்கைப் படையெடுப்பு, சோழகங்கம் ஏரி, இதைத்தான் எல்லாரும் எழுதறாங்க. நல்லா எழுதற ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அதனால அந்தப் பக்கம் நான் போகலை. இன்னிக்கு எழுதப் போறது பிரசவ அறையோட வரலாறு. கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோட உட்காருங்க.

ஜெயங்கொண்டத்துல பஸ் ஏறினா இருபது நிமிஷத்துல கங்கைகொண்டசோழபுரம். இன்னிக்கு அது அமைதியான கிராமம். 12-ம் நூற்றாண்டுல சோழ நாட்டோட தலைநகர். அங்கேர்ந்து ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்துல (1133-1150) ரெண்டு நூல் வந்தது. ஒண்ணு, அவனோட அமைச்சரா இருந்த சேக்கிழார் பாடின பெரிய புராணம். இன்னொண்ணு, ஒட்டக்கூத்தர் அதே ராஜாவைக் குழந்தையா வச்சுப் பாடின குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். முன்னதுல ஒரு குழந்தை பிறந்த நேரத்தைப் பத்தின கதை வருது. பின்னது, பிறந்த குழந்தை மாசா மாசம் எப்படி வளருதுங்கறதைச் சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, பிறக்கும்போது குழந்தையோட மூளைக்கு என்ன ஆகுதுன்னு உலகம் கண்டுபிடிச்ச கதையைச் சொல்றேன்.

தலைகீழாத் தொங்கின ராணி

பெரிய புராணத்துல கோச்செங்கட் சோழன் கதை தெரிஞ்சிருக்கும். முற்பிறவியில திருவானைக்கா சிலந்தி. அம்மா கமலவதிக்கு வலி எடுத்தாச்சு. ஜோசியர் வந்து, இன்னும் ஒரு நாழிகை கழிச்சுப் பிறந்தா இந்தப் பிள்ளை மூவுலகும் ஆளும்னு சொல்றார். அந்த அம்மா, என் காலைக் கட்டித் தலைகீழாத் தொங்க விடுங்கன்னு சொல்லிடறாங்க. நாழிகை போனதும் அவிழ்த்து விடறாங்க. கண் ரெண்டும் சிவந்து பிள்ளை பிறக்குது. பிள்ளையோட கண்ணைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கையோட அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க.

பக்திக் கதை. இதுல போய் மருத்துவம் தேடக்கூடாது. ஆனா ஒரு கணக்கு மட்டும் பார்க்கலாம். ஒரு நாழிகைன்னா 24 நிமிஷம்.

1972-ல ரொனால்ட் மையர்ஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், குரங்குகளை வச்சு செஞ்ச சோதனைகளோட முடிவை எழுதினார். பிறக்கற நேரத்துல கொடி வழியா வர்ற ஆக்சிஜனை முழுசா நிறுத்தினா, ஏறக்குறைய பத்து நிமிஷம் வரைக்கும் குட்டியோட மூளை தாக்குப் பிடிக்குது. அதுக்கு மேல போனா மூளையோட ஆழத்துல, உடம்பு அசைவைக் கட்டுப்படுத்தற பகுதிகள் கெடுது. இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் தாண்டினா உயிர் தங்கறதே கஷ்டம்.

அதே கட்டுரையில இன்னொரு வகையும் சொன்னார். ஆக்சிஜன் ஒரேயடியா நிக்காம, மணிக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சா, மூளை வீங்கி மேற்பரப்பு சேதமாகுது. ஒண்ணு சட்டுனு வர்றது, இன்னொண்ணு இழுத்துக்கிட்டே வர்றது. இந்த ரெண்டாவதை மனசுல வச்சுக்குங்க. கடைசியில தேவைப்படும்.

லிட்டிலும் ஃபிராய்டும்

பிறப்புக்கும் மூளைக்கும் முடிச்சுப் போட்ட முதல் ஆள் யார்னு பார்த்தா, வில்லியம் ஜான் லிட்டில்னு ஒரு லண்டன் டாக்டர். சின்ன வயசுலயே நோய் வந்து இவருக்கு ஒரு பாதம் வளைஞ்சு போச்சு. ஜெர்மனியில ஸ்ட்ரோமேயர்ங்கறவர்கிட்ட ஆபரேஷன் செஞ்சு சரியாக்கிக்கிட்டு வந்து, அதே வைத்தியத்தை இங்கிலாந்துல பரப்பினார். கால் வளைஞ்ச குழந்தைகளா பார்த்துப் பார்த்து, இதுல பல பேரோட கால்ல கோளாறே இல்லையேன்னு அவருக்குத் தோணியிருக்கு. கால் விறைச்சுக்கிட்டு, கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிட்டு நடக்கற பிள்ளைங்க. தாய்மார்கிட்ட கேட்டா ஒரே மாதிரி பதில். குறைமாசம், ரெண்டு மூணு நாள் வலி, பிறந்ததும் அழலை.

1861-ல லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்துல இதைக் கட்டுரையா வாசிச்சார். ஷேக்ஸ்பியரோட மூன்றாம் ரிச்சர்ட் மன்னனைக்கூட உதாரணமா இழுத்தார். (நம்ம ஊரா இருந்தா கோச்செங்கணானை இழுத்திருப்பார்!) ரொம்ப காலம் இந்தப் பாதிப்புக்கு 'லிட்டில் நோய்'னுதான் பேர். 1889-ல வில்லியம் ஆஸ்லர் 151 குழந்தைகளைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அந்தத் தலைப்புல இருந்த பேர்தான் நாம இன்னிக்கு மூளை வாதம்னு சொல்றது. செரிப்ரல் பால்ஸி, சுருக்கமா சிபி.

இங்கே எதிர்பாராத ஒருத்தர் உள்ளே வர்றார். சிக்மண்ட் ஃபிராய்ட். ஆமா, கனவுக்கு அர்த்தம் சொன்ன அதே ஃபிராய்ட்தான். அதுக்கு முன்னாடி அவர் வியன்னாவுல நரம்பு டாக்டர். 1897-ல குழந்தைகளோட மூளை வாதம் பத்தி முந்நூறு பக்கத்துக்கு மேல ஒரு நூல் எழுதினார். அதுல லிட்டிலை மறுத்து ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பிரசவம் கஷ்டமா இருந்ததால மூளை கெட்டுதா, இல்லை கர்ப்பத்துலயே ஏதோ கெட்டுப் போனதாலதான் பிரசவமும் கஷ்டமாச்சா?

சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா இதுல ஒரு அம்மாவோட வாழ்க்கையே தொங்குது. நம்ம பக்கத்துல பிள்ளைக்கு இப்படின்னா என்ன சொல்வாங்க? கிரகணத்துல வெளியில போயிருப்பா. வலி வந்தப்போ ஒத்துழைச்சிருக்க மாட்டா. கொடி சுத்தின பிள்ளை, மாமனுக்கு ஆகாது. மருத்துவச்சி கைராசி சரியில்லை. யாராவது ஒருத்தர் தலையில கட்டியாகணும். பெரும்பாலும் அது பெத்தவ தலை. (கொடி சுத்திக்கறது ஏறக்குறைய நாலுல ஒரு பிரசவத்துல நடக்கறது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்லை.)

ஃபிராய்டோட சந்தேகத்துக்குப் பதில் வர ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஆச்சு. நடுவுல, 1953-ல வர்ஜீனியா அப்கார்ங்கற மயக்க மருந்து டாக்டர் ஒரு எளிய கணக்கைக் கொண்டு வந்தாங்க. பிறந்த ஒரு நிமிஷத்துல இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், சீண்டினா முகம் சுளிக்குதா, நிறம். அஞ்சு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க், மொத்தம் பத்து. கருவியே வேணாம். இன்னிக்கும் பிரசவ அறையில பிள்ளை வாங்கற முதல் மார்க் இதுதான். அதுவரைக்கும் நீலமாப் பிறந்த குழந்தையை ஓரமாப் போட்டுட்டு அம்மாவைப் பார்க்கறது சகஜமா இருந்தது. மார்க் போடணும்னா குழந்தையைத் திரும்பிப் பார்த்தே ஆகணும் இல்லையா? அதுதான் அந்த அம்மா செஞ்ச பெரிய காரியம்.

அப்புறம் அமெரிக்காவுல 1959-லேர்ந்து 1966 வரைக்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பதிவு பண்ணி, பிள்ளைங்களைப் பள்ளிக்கூட வயசு வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. காரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பெர்க் ரெண்டு பேரும் அந்தக் கணக்கை அலசி 1981-ல, 1986-ல எழுதினாங்க. மூளை வாதம் வந்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல, பிறந்த முதல் நிமிஷத்துலயே நல்ல அப்கார் மார்க் வாங்கினவங்க. மறுபக்கம், பத்து நிமிஷம் தாண்டியும் மார்க் மூணுக்கு மேல ஏறாம இருந்து பிழைச்ச குழந்தைகள்ல 80 சதவீதம் பேர் பள்ளி வயசுல பெரிய ஊனம் எதுவும் இல்லாம இருந்தாங்க. பிறக்கும்போது மூச்சுத் திணறினதுதான் காரணம்னு சொல்லக்கூடியது அங்கே சிறு பங்குதான்.

ஆக லிட்டில் சொன்னதும் நிஜம், ஃபிராய்ட் சந்தேகப்பட்டதும் நிஜம். அழாமப் பிறந்த பிள்ளைக்கெல்லாம் கெடுதல் வர்றதில்லை. அழுது பிறந்துட்டதால மட்டும் பயமில்லைன்னும் இல்லை.

நாற்பது கிலோமீட்டர்

ஆனா அந்தக் கணக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளோடது. ஆஸ்பத்திரியே பக்கத்துல இல்லாத ஊருக்கு?

ஜெயங்கொண்டத்துலேர்ந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவுல கொள்ளிடம். 1836-ல கட்டின கீழணை மேல போற அணைக்கரை பாலம், எதிர்ல வண்டி வந்தா நின்னு வழிவிடணும். தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அதைவிட தூரம், திருச்சி இன்னும் தூரம். நாங்க திருச்சி மாவட்டமா இருந்து, 1995-ல பெரம்பலூர் மாவட்டமாகி, 2001-ல அரியலூர் மாவட்டமாகி, 2002-ல திரும்பவும் பெரம்பலூராகி, 2007-ல மறுபடி அரியலூரானவங்க. போர்டு மாறிக்கிட்டே இருந்தது, தூரம் மாறலை :) சிக்கலான பிரசவம்னா வாடகைக் கார் பிடிச்சு ஆத்தைத் தாண்டறதுதான் வழி. இப்போ 2022 ஜனவரியில அரியலூர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு.

இந்தத் தூரத்துக்குன்னே ஒரு காகிதம் கண்டுபிடிச்ச கதை இருக்கு. மையர்ஸ் குரங்குக் கட்டுரை எழுதின அதே 1972-ல, அப்போ ரொடீஷியான்னு பேர் இருந்த ஜிம்பாப்வேயில ஃபில்பாட், கேஸில்னு ரெண்டு டாக்டர்கள். அங்கேயும் நம்ம நிலைமைதான். கிராமத்து நிலையத்துல மருத்துவச்சி மட்டும் இருப்பாங்க, ஆபரேஷன் வசதி எங்கயோ தூரத்துல. பிரசவம் நகருதா, நின்னு போச்சான்னு அவங்க எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு வரைபடத் தாள்ல கர்ப்பவாய் திறக்கற அளவை மணி வாரியாப் புள்ளி வைக்கச் சொன்னாங்க. அதுல சாய்வா ரெண்டு கோடு. முதல் கோடு எச்சரிக்கை, அதைத் தாண்டினா கிராமத்துலேர்ந்து அனுப்பிடு. நாலு மணி நேரம் தள்ளி ரெண்டாவது கோடு, அதைத் தொட்டா பெரிய ஆஸ்பத்திரி உடனே ஏதாவது செய்யணும்.

அந்த நாலு மணி நேர இடைவெளி ஏன்னு யோசிச்சுப் பாருங்க. வண்டி பிடிச்சு வந்து சேர்றதுக்கான நேரம் அது. ரோட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்ட மருத்துவத்தை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை. பார்டோகிராம்ங்கற பேர்ல நம்ம ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அந்தத் தாள் வந்தது. கூடவே ஃபீட்டோஸ்கோப். 1895-ல பிரான்ஸ்ல பினார்ட் செஞ்ச, வயித்துல வச்சுக் காதைக் கொடுத்துக் கேக்கற குழல். பிள்ளையோட இதயம் தளர்றதை ஒரு நர்ஸ் கேட்டுச் சொல்ல அது போதும். ஆனா கேக்கறதுக்கு ஆள் வேணும், நேரம் வேணும். ஒரே நர்ஸ் அஞ்சாறு பேரைப் பார்க்கற ராத்திரியில அதுதான் இருக்காது.

தமிழ்நாடு இதுல நிறைய செஞ்சிருக்கு. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல மூணு நர்ஸ் முறை வச்சு வேலை, 2008-லேர்ந்து 108 ஆம்புலன்ஸ். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பிரசவங்கள்ல 99.6 சதவீதம் மருத்துவமனையில. வீட்டுல பெத்துக்கிட்ட தலைமுறை எங்க அம்மாச்சிகளோட முடிஞ்சு போச்சு.

குளிர வைக்கிற வைத்தியம்

சரி, மூச்சுத் திணறிப் பிறந்தாச்சு. அப்புறம் ஒண்ணுமே செய்ய முடியாதா? 1980-கள் வரைக்கும் முடியாதுன்னுதான் நினைச்சாங்க. அப்புறம்தான் ஒரு விஷயம் புரிஞ்சது. மூளை ஒரே அடியில சாகறதில்லை. ஆக்சிஜன் திரும்பினதும் கொஞ்சம் தேறுது. சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவையா சக்தி இழந்து சரிய ஆரம்பிக்குது. நடுவுல ஒரு ஜன்னல் திறந்திருக்கு. அந்த நேரத்துல குழந்தையோட உடம்பைக் குளிர வச்சா மூளையோட வேலை மெதுவாகி, ரெண்டாவது சரிவு குறையும்.

2005-ல டெட்ராய்ட்ல இருந்த சீதா சங்கரன் தலைமையில 208 குழந்தைகளை வச்சுச் செஞ்ச ஆய்வு வந்தது. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, 33.5 டிகிரி செல்சியஸ்ல மூணு நாள் வச்சாங்க. இறப்பு அல்லது கடுமையான ஊனம் 62 சதவீதத்துலேர்ந்து 44-ஆ குறைஞ்சது. பணக்கார நாடுகள்ல இது வழக்கமான வைத்தியமாயிடுச்சு. கருவி விலை ஜாஸ்தியாச்சேன்னு, வேலூர் சிஎம்சி டாக்டர்கள், உருகும்போது சூட்டை உறிஞ்சற ஒரு பொருளால ஆன படுக்கையைச் சோதிச்சுக் கொண்டு வந்தாங்க.

நல்ல முடிவா வரப்போகுதுன்னுதானே நினைக்கறீங்க? நானும் அப்படித்தான் படிச்சுக்கிட்டே போனேன்.

2015-லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல ஹீலிக்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியும் அதுல உண்டு. 408 குழந்தைகள். 2021-ல முடிவு வெளியாச்சு. இறப்பு அல்லது ஊனம், குளிர வச்சவங்கள்ல 50 சதவீதம், வைக்காதவங்கள்ல 47. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா இறப்பை மட்டும் தனியாப் பார்த்தா, குளிர வச்சவங்கள்ல 42 சதவீதம், வைக்காதவங்கள்ல 31. அங்கே காப்பாத்தின வைத்தியம் இங்கே காப்பாத்தலை. உயிரிழப்பு கூடவும் செஞ்சிருக்கு.

ஏன்? இந்திய டாக்டர்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம் நடக்குது. ஆய்வு செஞ்சவங்க சொன்ன ஒரு விளக்கத்துல மையர்ஸோட ரெண்டாவது வகை திரும்ப வருது. ஸ்கேன்ல இந்தக் குழந்தைகளுக்குத் தெரிஞ்ச சேதம், பெரும்பாலும் சட்டுனு வந்த அடி மாதிரி இல்லை. மணிக்கணக்கா, ஒருவேளை அதுக்கும் முன்னாலேர்ந்து, இழுத்துக்கிட்டே வந்த பாதிப்பு மாதிரி. அப்படின்னா பிள்ளை பிறக்கும்போதே ஜன்னல் சாத்தியாச்சு. ஆறு மணி நேரக் கடிகாரத்தை நாம பிறந்த நேரத்துலேர்ந்து ஓட விடறோம். பிள்ளையோட மூளைக்கு அது முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருக்கு. சோகை பிடிச்ச தாய், கவனிக்காம விட்ட ரத்த அழுத்தம், நீண்டுக்கிட்டே போன வலி, கேக்காம விட்ட இதயத் துடிப்பு, அனுப்பத் தயங்கின ஒரு மணி நேரம்.

99.6 சதவீதம்ங்கறது வாசல் வரைக்கும் வந்தவங்க கணக்கு. வாசலுக்கு உள்ளே அந்த ராத்திரி யார் காதைக் கொடுத்துக் கேட்டாங்கங்கறது வேற கணக்கு.

சப்பாணி

இப்போ ஒட்டக்கூத்தர் பக்கம் வருவோம். பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்போம். அதையே குழந்தை டாக்டரோட அட்டவணை மாதிரி படிச்சுப் பாருங்க. பொதுவா அஞ்சாம் மாசம் செங்கீரை. கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி அசையறது. கழுத்து நிக்கணும், கையில பலம் வேணும். ஒன்பதாம் மாசம் சப்பாணி, உட்கார்ந்து ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டறது. இடுப்பு நிக்கணும், ரெண்டு கையும் நடுவுல சந்திக்கணும். பதிமூணாம் மாசம் வாரானை, வான்னு கூப்பிட்டா தளர்நடை போட்டு வர்றது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட அளவுலயும் தனியா நடக்கறது எட்டு மாசத்துலேர்ந்து பதினேழரை மாசத்துக்குள்ள.

இதுல ஒரு கொடுமை பாருங்க. சப்பாணிங்கறது வளர்ச்சியோட ஒரு படிக்குப் பேர். அதே சொல்லை நம்ம தெருவுல, நடக்க முடியாத பிள்ளையைக் கேலி பண்ண வச்சிருக்கோம். '16 வயதினிலே' (1977) கமலுக்கு அந்தப் பேர் வச்சப்போ யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கலை. எல்லா ஊர்லயும் ஒரு சப்பாணி இருந்தார். அவர் பிறந்த ராத்திரி என்ன நடந்ததுன்னு யாரும் கேட்டதில்லை.

நாலு மாசமாகியும் தலை நிக்கலையா? ஒன்பது மாசத்துல உட்காரலையா? ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரு கையை மட்டும் பயன்படுத்துதா? கால் ரெண்டும் விறைச்சுப் பின்னிக்குதா? பாட்டி 'அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்'னு சொல்வாங்க. சொல்லட்டும், அதுபாட்டுக்கு டாக்டரையும் பாருங்க. முன்னெல்லாம் ரெண்டு வயசு வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்பாங்க. இப்போ தேர்ந்த கண்ணுக்கு, மூணாவது நாலாவது மாசத்துல குழந்தை தானா அசையற விதத்தை வச்சே பல சமயம் சொல்ல முடியுது. செத்த செல் திரும்பாது, உண்மை. ஆனா முதல் ரெண்டு வருஷம் மூளை புதுப் பாதை போடறதுல கில்லாடி. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அதுக்கு இடமும் இருக்கு. சென்னையில வித்யாசாகர் 1985-லேர்ந்து இருக்கு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில, தானே கழுத்துக்குக் கீழ செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல தொடங்கின அமர் சேவா சங்கம், வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பயிற்சி சொல்லித் தருது. 2013-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு, செலவில்லை. இன்னொண்ணு. மூளை வாதம்னா புத்தி மட்டுன்னு அர்த்தமில்லை. நாக்கு கட்டுப்படாததால பேச்சு வராத பல பிள்ளைங்களுக்கு எல்லாம் புரியும். நாம பேசற கேலி உட்பட.

நாழிகைக் கணக்கு

அதே 2019-21 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 சிசேரியன். அதுல நல்ல நேரம் குறிச்சு வாங்கிட்டு வந்து, டாக்டரே இந்த மணிக்கு எடுத்துருங்கன்னு கேக்கற வீடுகள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கமலவதி காலத்துலேர்ந்து ஜோசியர்கிட்ட பிள்ளையோட நேரத்தைக் கேக்கறோம். காலங்காலமா அந்தக் கேள்வி மாறலை.

கேக்க வேண்டிய நேரம் வேற. வலி எப்போ எடுத்துச்சு, கடைசியா துடிப்பு எப்போ கேட்டீங்க, எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியாச்சா, வண்டி எத்தனை நிமிஷத்துல வரும். உங்க வீட்டுல யாராவது பிரசவத்துக்குப் போனா, கூடப் போறவங்க இந்த நாலையும் மரியாதையா நர்ஸ்கிட்ட கேளுங்க. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு பழமொழி இருக்கு. அழ முடியாத பிள்ளைக்காகக் கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும் இல்லையா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, படிச்சதைச் சொல்ற ஆள். உங்க குழந்தையைப் பத்தி சந்தேகம்னா பதிவைப் படிச்சு முடிவு பண்ணாம நேர்ல போய்க் காட்டுங்க.